ஒரே மரக்கால்: மாப்பிள்ளைமார் போராட்டமும் பொதுவுடைமையாளர் தீர்ப்பும்

தாமிரபரணி பாயும் எங்கள் சீமையில் நெல்லைக் கோட்டைக் கணக்கில் சொல்வது பழைய வழக்கம். 21 மரக்கால் கொண்டது ஒரு கோட்டை. களத்துமேட்டில் பொலி குவிந்து கிடக்கும்போது, அளப்பவன் கையில் எந்த மரக்கால் இருக்கிறது என்பதைப் பொறுத்தே குடியானவன் வீட்டு உலை கொதிக்கும். அல்லது கொதிக்காமல் போகும். தஞ்சைத் தரணியில் நெல்லை வாங்கும்போது பெரிய மரக்காலும், கூலியாகக் கொடுக்கும்போது சிறிய மரக்காலும் புழங்கிய காலம் ஒன்று இருந்தது. உழைப்பவர்கள் அதற்குக் 'கள்ள மரக்கால்' என்று பெயரிட்டார்கள். 1940களில் அந்தக் கள்ள மரக்காலை எதிர்த்துச் சிறை புகுந்தவர்கள் பொதுவுடைமை இயக்கத்தினர். அளவையில் மோசம் செய்வோருக்குக் கேடுதான் என்று எச்சரித்துத் தொடங்குகிறது திருமறையின் 83ஆம் அத்தியாயம். ஆகவே இந்த ஒரு செய்தியில் மார்க்க அறிஞரும் பொதுவுடைமைத் தோழரும் ஒரே களத்தில் நிற்கிறார்கள் என்று சொல்வதில் தவறில்லை.

நெல்லுக்கு மரக்கால் இருப்பதுபோல வரலாற்றுக்கும் ஒரு மரக்கால் உண்டு. அந்நிய ஆட்சியை எதிர்த்து ஒரு சமுதாயம் இறைவனின் பெயரைச் சொல்லி எழுந்தால், அதைப் பொதுவுடைமையாளர் எந்த மரக்காலால் அளந்தார்கள்? நாம் எதனால் அளந்தோம்? இவ்வினாவுக்கு விடை தேடத் தொலைதூர நாடுகளுக்குச் செல்ல வேண்டியதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பால், மலபாரில், 1921ஆம் ஆண்டிலேயே அந்த விடை கிடக்கிறது.

நிகழ்ந்தது என்ன?

1920 ஏப்ரலில் மஞ்சேரியில் கூடிய மலபார் மாவட்ட அரசியல் மாநாட்டில் கிலாஃபத் கோரிக்கையும் குடியானவர் குறைகளும் ஒரே மேடையில் ஒலித்தன. அவ்வாண்டு ஆகஸ்டில் காந்தியடிகளும் மௌலானா ஷௌகத் அலியும் கோழிக்கோட்டுக்கு வந்து பேசினர். துருக்கியின் கலீஃபாவுக்கு நேர்ந்த அவமானத்தைக் கேட்டு நெஞ்சு கொதித்த அதே மாப்பிள்ளை, தன் குடிசையிலிருந்து எந்த நாளும் வெளியேற்றப்படலாம் என்ற அச்சத்தில் வாழ்ந்த குத்தகைக் குடியானவனாகவும் இருந்தான். ஜன்மி எனப்பட்ட நிலவுடைமையாளரை ஆங்கில நீதிமன்றங்கள் முழு உரிமையாளராக ஏற்றுக்கொண்டதால் வந்த வினை அது.

1921 ஆகஸ்ட் 20ஆம் நாள் திரூரங்காடியில் படையும் காவலரும் புகுந்து தேடுதல் நடத்தினர். அன்றே தீ பற்றியது. ஏறநாடு, வள்ளுவநாடு வட்டங்களில் பல மாதங்கள் ஆங்கில ஆட்சி நிலைகுலைந்தது. இராணுவச் சட்டம் வந்தது. 2,300க்கு மேற்பட்ட மாப்பிள்ளைமார் கொல்லப்பட்டதையும், ஏறத்தாழ 45,000 பேர் பிடிபட்டோ சரணடைந்தோ கைதிகளானதையும் அரசின் கணக்கே ஒப்புக்கொள்கிறது. நவம்பரில், திரூரிலிருந்து காற்றுப் புகாத சரக்குப் பெட்டி ஒன்றில் ஏறத்தாழ 100 கைதிகளை அடைத்து அனுப்பினார்கள். நமது கொங்கு நாட்டுப் போத்தனூரில் அதன் கதவு திறக்கப்பட்டபோது உள்ளே பிணங்கள் குவிந்து கிடந்தன. பின்னர் இறந்தோரையும் சேர்த்து 70 பேர் மாண்டனர். இந்துக்கள் சிலரும் அக்கைதிகளுள் இருந்தனர்.

போராட்டத்தின் தலைவர்களுள் ஒருவரான வாரியன்குன்னத்துக் குஞ்ஞஹம்மது ஹாஜி 1922 ஜனவரி 20இல் மலப்புறத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். மற்றொருவரான அலி முஸ்லியார், பொன்னானியிலும் மக்காவிலும் ஓதித் தேர்ந்தவர். திரூரங்காடிப் பள்ளிவாசலில் ஓதிக்கொடுத்த முதிய ஆலிம். அவர் 1922 பிப்ரவரி 17இல் கோயம்புத்தூர்ச் சிறையில் தூக்கிலிடப்பட்டார். தமிழ் மண்ணில் உயிர் துறந்த ஓர் ஆசிரியர் அவர் என்பதைத் தமிழ் முஸ்லிம்களாகிய நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

இரண்டு அரசாங்க மரக்கால்கள்

மாப்பிள்ளைமார் எழுச்சி 1921இல் திடீரெனத் தோன்றியதன்று. 19ஆம் நூற்றாண்டு முழுவதும் சிறு சிறு எழுச்சிகள் நிகழ்ந்துகொண்டே இருந்தன. அவற்றின் காரணத்தை ஆராயும்படி 1852இல் அமர்த்தப்பட்ட ஸ்ட்ரேஞ்ச் என்னும் அதிகாரி, மதவெறியே காரணம் என்று எழுதினார். அடக்குமுறைச் சட்டம் அதைத் தொடர்ந்து வந்தது. ஒரு தலைமுறைக்குப் பின், 1881இல் அமர்த்தப்பட்ட வில்லியம் லோகன், ஊர் ஊராகக் குடியானவர்களின் முறையீடுகளைக் கேட்டு, நிலமே காரணம் என்று கண்டார். அரசு ஸ்ட்ரேஞ்சின் சொல்லை விரும்பியது. லோகனின் சொல்லை ஏட்டில் உறங்க வைத்தது. வெறியனுக்குத் துப்பாக்கி போதும். குறையுடையவனுக்கோ நீதி வழங்க வேண்டுமே!

1921க்குப் பின் நாட்டுத் தலைவர்கள் பலரும் மாப்பிள்ளையைக் கைவிட்டனர். அப்போது லோகன் ஏற்றிய சிறு விளக்கை அணையாமல் காத்தவர்கள் பொதுவுடைமையாளர்கள். கவி தாகூரின் குடும்பத்தில் பிறந்த சௌமியேந்திரநாத் தாகூர், மலபாரில் நடந்தது விவசாயிகள் புரட்சியே என்று 1937இல் ஒரு நூல் வெளியிட்டார். 1946இல், எழுச்சியின் 25ஆம் ஆண்டு நிறைவின்போது, இ.எம்.எஸ். நம்பூதிரிப்பாடு '1921: அழைப்பும் எச்சரிக்கையும்' என்னும் பொருள்படும் தலைப்பில் எழுதினார். ஜன்மிக் குடும்பமொன்றில் பிறந்த நம்பூதிரி அவர்! தம் சொந்த வகுப்பாருக்கு எதிராக எழுந்தவர்களின் வீரத்தை அவர் போற்றி எழுதினார். அந்த நேர்மையை நாம் நன்றியுடன் நினைவுகூர வேண்டும்.

சொல்லளவில் மட்டும் அவர்கள் நின்றுவிடவில்லை. 1969இல் மலப்புறம் மாவட்டம் அமைந்தது இ.எம்.எஸ். முதலமைச்சராக இருந்தபோது. 1970 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த கேரள நிலச் சீர்திருத்தச் சட்டம் ஜன்மி முறையை முடித்து வைத்தது. 1971இல் கேரள அரசு அப்போராட்டத்தினரை விடுதலை வீரர்களாக ஏற்றது. மாப்பிள்ளையின் வாள் சாதிக்க முடியாததைச் சட்டப்புத்தகம் சாதித்தது என்றால் மிகையாகாது.

மாஸ்கோவின் இரட்டை அளவு

இவ்வளவும் செய்தவர்களின் மரக்காலில் குறை காண்பது எதற்கு என்று சிலர் கேட்கலாம். குறை இருந்தது, அது மாஸ்கோவிலிருந்து வந்தது.

1920ஆம் ஆண்டுக் கோடையில் கூடிய கம்யூனிஸ்ட் அகிலத்தின் இரண்டாம் மாநாடு, லெனின் வகுத்த குடியேற்ற நாடுகள் பற்றிய கோட்பாட்டை ஏற்றது. உலக முஸ்லிம் ஒற்றுமை இயக்கத்தை எதிர்த்துப் போராட வேண்டும் என்பது அதன் கூறுகளுள் ஒன்று. சில வாரங்களே கழிந்தன. செப்டம்பரில் பாக்கூ நகரில் கீழைநாட்டு மக்களின் மாநாடு கூடியது. வந்திருந்தோரில் பெருந்தொகையினர் முஸ்லிம்கள். அங்கே அகிலத்தின் தலைவர் ஸினோவியேவ் எழுந்து, ஆங்கில ஏகாதிபத்தியத்தின்மீது புனிதப் போர் தொடுக்குமாறு அவர்களை அழைத்தார்! கோடையில் தீமையாகத் தெரிந்தது இலையுதிர் காலத்தில் தேவையாகத் தெரிந்தது. வாங்கும் மரக்கால் வேறு, கொடுக்கும் மரக்கால் வேறு என்பது இதுதானே?

இதன் விலையை எடுத்துச் சொன்னவர் நம் மரக்கலங்கள் நாடிச் சென்ற இந்தோனேசியத் தீவுகளின் பொதுவுடைமைத் தலைவர் தான் மலாக்கா. ஜாவாவில் ஸரேகத் இஸ்லாம் என்னும் பேரியக்கத்துக்குள் பொதுவுடைமையாளர் உழைத்துவந்தனர். மாஸ்கோ தீர்மானத்தைக் காட்டி, இவர்கள் உங்கள் மார்க்கத்தை அழிக்க வந்தவர்கள் என்று எதிரிகள் பரப்புரை செய்ய, எளிய விவசாயிகள் அஞ்சி விலகினர். 1922 நவம்பரில் நான்காம் மாநாட்டில் தான் மலாக்கா இதை விளக்கினார். இன்று உலக முஸ்லிம் ஒற்றுமை என்பது அடிமைப்பட்ட முஸ்லிம் நாடுகளின் விடுதலைப் போராட்டத்தையே குறிக்கிறது. அதனோடு நாம் கைகோக்கலாமா கூடாதா என்று அவர் அம்மாநாட்டைக் கேட்டார். அவருக்குத் தெளிவான மறுமொழி கிடைக்கவில்லை.

இந்தியாவிலோ மக்கள் தம் அனுபவத்தால் வேறு வழி கண்டார்கள். 1920இல் கிலாஃபத்துக்காக ஹிஜ்ரத் புறப்பட்டு ஆப்கானிஸ்தான் சென்ற பல்லாயிரவரில் சிலர் தாஷ்கண்டை அடைந்தனர். அவ்வாண்டு அக்டோபரில் அங்கே அமைந்த இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்குச் செயலாளரானவர் முஹம்மது ஷஃபீக். 1925 டிசம்பரில் கான்பூரில் நடந்த முதல் கம்யூனிஸ்ட் மாநாட்டுக்கு வரவேற்புக் குழுத் தலைவர், 1921இலேயே முழு விடுதலை கேட்டவரும் பலமுறை ஹஜ்ஜுச் செய்தவருமான மௌலானா ஹஸ்ரத் மோஹானி. அம்மாநாட்டின் தலைமை இருக்கையில் அமர்ந்தவரோ சென்னைச் சிந்தனைச் சிற்பி ம. சிங்காரவேலர்! பகுத்தறிவே பெரிதென்ற தமிழரை, தொழுகை தவறாத ஒரு மௌலானா வரவேற்று அமர்த்திய அக்காட்சியை நம் பிள்ளைகள் பாடநூல்களில் படிப்பதில்லை.

உமி என்று தள்ளிய மணி

குறை எது என்று இப்போது சொல்வேன். பொதுவுடைமையாளர் மாப்பிள்ளையின் பசியைக் கண்டார்கள். அவனது ஈமானைக் காணவில்லை. நிலக்குறையே நெல்மணி, மார்க்கம் அதன்மேல் ஒட்டிய உமி என்று அவர்கள் கணக்கிட்டார்கள். போராட்டம் அழகாக நடந்த இடத்தில் அதற்கு 'விவசாயப் புரட்சி' என்று பெயர். அலங்கோலமாகத் திரும்பிய இடத்தில் 'மதவெறி' என்று பெயர். நல்லதெல்லாம் வர்க்கத்தின் கணக்கில், கெட்டதெல்லாம் மார்க்கத்தின் கணக்கில்! நம்பூதிரிப்பாடு 'அழைப்பு' என்றும் 'எச்சரிக்கை' என்றும் பிரித்த பிரிவிலும் இந்தச் சாயல் படிந்திருக்கிறது.

ஏன் இப்படி நேர்ந்தது? அவர்கள் மாப்பிள்ளையின் குத்தகைச் சீட்டைப் படித்தார்கள். அவன் ஓதிய கிதாபைப் படிக்கவில்லை. பொன்னானி மக்தூம் குடும்பத்தாரின் பெயரோடு 'அல்மஅபரீ' என்ற சொல் வரும். மஅபர் என்று அரபியர் அழைத்தது நமது கிழக்குக் கடற்கரையை. தாமிரபரணி கடலோடு கலக்கும் காயல் கரையிலிருந்தே அவர்களின் முன்னோர் கேரளம் சென்றனர் என்று மரபுச் செய்தியும் உண்டு. அக்குடும்பத்தின் இரண்டாம் ஜைனுத்தீன் மக்தூம் யாத்த ஃபத்ஹுல் முஈன் என்னும் ஷாஃபியீ சட்டநூலைத் தென்கரை மதரஸாக்கள் பலவற்றில் மாணவர்கள் ஓதிவருகிறார்கள். அதே பெரியார் 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துஹ்ஃபத்துல் முஜாஹிதீன் என்னும் வரலாற்றையும் அரபியில் எழுதினார். போர்த்துகீசியருக்கு எதிராக முஸ்லிம்களைப் போருக்கு அழைக்கும் நூல் அது.

அந்த ஜிஹாது அழைப்பில் பகைவன் யார்? கடல் கடந்து வந்து கப்பல்களை எரித்து, ஹாஜிகளைக் கொன்ற போர்த்துகீசியன். நண்பன் யார்? கோழிக்கோட்டை ஆண்ட ஸாமூதிரி, ஓர் இந்து மன்னர். முஸ்லிம்களைக் காத்த அம்மன்னரின் பெருமையை மக்தூம் மனமாரப் பாராட்டுகிறார். மலபார் இந்துக்களின் பழக்க வழக்கங்களுக்கு நூலில் ஒரு பகுதியையே ஒதுக்குகிறார். மாற்று மதத்தவர் அனைவரையும் பகைவராக்கும் போர்க்குரல் அன்று அது. ஆக்கிரமிப்பவனையும் அண்டை வீட்டானையும் பிரித்தறியும் அளவுகோல் அந்த மார்க்கத்துக்குள்ளேயே இருந்தது. இதைப் பொதுவுடைமை அறிஞர்கள் கண்டிருந்தால், 1921இன் தவறுகளைத் திருத்த மார்க்கத்துக்கு வெளியிலிருந்துதான் மருந்து வர வேண்டும் என்று எண்ணியிருக்க மாட்டார்கள்.

மணியாச்சியில் வைத்த அளவு

எங்கள் நெல்லைச் சீமையிலேயே இதற்கு ஓர் ஒப்புமை இருக்கிறது. 1906இல் வ.உ.சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் நிறுவனம் தொடங்கியபோது, ஹாஜி முகமது பக்கீர் சேட் 2 லட்சம் ரூபாய்க்குப் பங்கு வாங்கித் தோள் கொடுத்தார். 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானதும் திருநெல்வேலி கொதித்தெழுந்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். 1911 ஜூன் 17இல் செங்கோட்டை வாஞ்சிநாதன் மணியாச்சி இரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்டுத் தானும் மடிந்தார். அவர் சட்டைப்பையிலிருந்த கடிதம் நாடு விடுதலை பெற வேண்டும் என்று மட்டும் சொல்லவில்லை. மிலேச்சர் காலடியில் சனாதன தருமம் மிதிபடுவதாகவும், பசு இறைச்சி உண்ணும் மன்னனுக்கு முடிசூட்டுவதாகவும் அது குமுறுகிறது.

இக்கடிதத்தைக் குறைகூறுவோரும் தமிழகத்தில் உண்டு. ஆயினும் இதற்காக யாரும் வாஞ்சியை விடுதலை வரலாற்றிலிருந்து நீக்கவில்லை. அந்த நிலையத்துக்கு இன்று அவர் பெயர்தான். எங்கள் பகுதியின் இடதுசாரி ஆய்வாளர் ஆ. சிவசுப்பிரமணியன், ஆஷ் கொலையைச் சுதேசி இயக்கத்தின் ஒடுக்குமுறைப் பின்னணியில் வைத்து விரிவாக ஆராய்ந்து நூல் எழுதினார். சரியான முறை அதுதான். ஒருவரின் மதமொழியை மறைக்காமலும், அந்த மொழி ஒன்றையே வைத்து அவரைத் தள்ளாமலும், அவர் நின்ற களத்தைப் பார்ப்பது. மணியாச்சிக்கு வைத்த மரக்காலை மலப்புறத்துக்கும் வையுங்கள் என்றே நாம் கேட்கிறோம். சலுகை கேட்கவில்லை.

நம் கையிலுள்ள மரக்கால்

அன்பர்களே! பிறர் மரக்காலைச் சோதித்த நாம் நமதையும் தலைகீழாகத் தட்டிப் பார்க்க வேண்டாமா?

1921இல் அப்பாவி இந்துக்கள் கொல்லப்பட்டனர். வற்புறுத்தி மதம் மாற்றப்பட்டனர். வீடிழந்து ஓடினர். துவ்வூரில் வெட்டிக் கிணற்றில் எறியப்பட்டவர்களின் கதையை எந்த வாதத்தாலும் மூட முடியாது. நம்மவர் எழுதிய கட்டுரைகளில் போத்தனூர்ச் சரக்குப் பெட்டி இருக்கும். துவ்வூர்க் கிணறு இராது. இதுவும் கள்ள மரக்காலே!

மார்க்கத்தில் நிர்ப்பந்தம் கூடாது என்பது திருமறையின் தீர்ப்பு. பெண்களையும் குழந்தைகளையும் முதியவர்களையும் வழிபாட்டில் ஒதுங்கியிருப்போரையும் கொல்லாதீர் என்று படைக்கு அறிவுரை கூறி அனுப்பியவர் முதல் கலீஃபா அபூபக்ர் (ரலி). இச்சட்டத்தின் முன் துவ்வூரில் வாளெடுத்தவன் குற்றவாளி. அவனைக் குற்றவாளி என்று சொல்ல ஸ்ட்ரேஞ்சும் வேண்டாம், மாஸ்கோவும் வேண்டாம். நம் கிதாபே போதும். குஞ்ஞஹம்மது ஹாஜியின் பெயரால் 1921 அக்டோபரில் 'தி இந்து' நாளிதழில் வெளிவந்த கடிதம், கட்டாய மதமாற்றம் தம்மவர் செயலன்று என்று மறுத்தது. அம்மறுப்பு எவ்வளவு உண்மை என்பது ஒருபுறம் இருக்கட்டும். அது பெருமையன்று, பழி என்பதைப் போர்க்களத்தில் நின்ற தலைவரும் அறிந்திருந்தார் என்பதே இங்குக் கருதத்தக்கது. அரசுக்கு ஊழியம் செய்த மாப்பிள்ளைமாரும் அவர் தரப்பால் கொல்லப்பட்டனர் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

மலபாரோடு இந்த வினா முடிந்துவிடவில்லை. அல்ஜீரியாவில் 1954 நவம்பரில் எழுந்த விடுதலை முன்னணி, இஸ்லாமிய நெறிகளின் வரம்புக்குள் மக்களாட்சி அமைப்போம் என்று அறிவித்தது. அதை ஒடுக்கப் பிரெஞ்சு அரசு 1956 மார்ச்சில் தனி அதிகாரம் கேட்டபோது, பிரெஞ்சுக் கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் அதற்கு ஆதரவாக வாக்களித்தனர். ஈரானில் நிகழ்ந்ததோ மறுபக்கம். 1979 புரட்சியை அந்நாட்டுத் தூதே கட்சியினர் ஆதரித்தார்கள். 1983இல் அவர்களின் தலைவர்கள் சிறைப்பட்டார்கள், கட்சி தடை செய்யப்பட்டது. முதல் நிகழ்ச்சியில் இடதுசாரிகளின் மரக்கால் சிறுத்தது. இரண்டாவதில் மார்க்கத்தின் பெயரால் ஆண்டவர்களின் மரக்கால் சிறுத்தது. பயன்படும்வரை தோழன், பயன் தீர்ந்தபின் பகைவன் என்னும் கணக்கு எந்தக் கொடியின்கீழ் நடந்தாலும் அநீதியே.

2021இல், போராட்டத்தின் நூறாம் ஆண்டில், இந்திய வரலாற்று ஆராய்ச்சி மன்றம் அமைத்த குழு, விடுதலைத் தியாகிகள் அகராதியிலிருந்து அலி முஸ்லியார், குஞ்ஞஹம்மது ஹாஜி உள்ளிட்ட 387 மாப்பிள்ளைமாரின் பெயர்களை நீக்கப் பரிந்துரைத்ததாகச் செய்தி வெளிவந்தது. ஸ்ட்ரேஞ்சின் மரக்கால் நூற்றெழுபது ஆண்டுகள் கழித்தும் பரணில் பத்திரமாக இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அதை எதிர்த்து முதலில் குரல் எழுப்பியவர்களில் இடதுசாரிகளும் இருந்தார்கள். அவர்களோடு சேர்ந்து நிற்பது நம் கடமை. ஆனால் மாப்பிள்ளை வெறும் விவசாயியாக இருந்ததால்தான் தியாகி என்று சொல்லி அவனைக் காப்பாற்ற வேண்டாம். அவன் உழவன், முஸ்லிம், ஆங்கிலேயனை எதிர்த்தவன், அவர்களுள் சிலர் அண்டை வீட்டாருக்கு அநீதியும் இழைத்தார்கள். இந்நான்கையும் ஒரே மூச்சில் சொல்லத் துணிபவனே வரலாற்றாசிரியன்.

ஒரு கூட்டத்தார்மீதுள்ள பகை உங்களை நீதி தவறச் செய்யலாகாது என்று போதிக்கிறது நம் மறை. ஒரு கூட்டத்தார்மீதுள்ள பாசமும் அவ்வாறு செய்யலாகாது என்பதை அதே மறை வேறோர் இடத்தில், பெற்றோருக்கும் உறவினருக்கும் எதிராயினும் நீதிக்குச் சான்று பகருங்கள் என்று ஏவித் தெளிவாக்குகிறது. இவ்விரண்டையும் நம் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்போம். போத்தனூரையும் துவ்வூரையும் ஒரே பாடத்தில் சொல்லிக்கொடுப்போம். கேட்கும் பிள்ளை கலங்கினால் கலங்கட்டும். பொய்யளவு கற்றுப் பூரிப்பதைவிட அது மேல்.

அளவையை நிறைவாக அளப்போரின் கூட்டத்தில் வல்ல இறைவன் நம்மைச் சேர்ப்பானாக! ஆமீன்.